பாலிஅமைன் குறைவுக்குக் காப்ஸ்யூல் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது; மூன்று ஆண்டுகளாகக் குழந்தை இல்லை. விந்தணு எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 1 கோடியே 10 லட்சம். பாலிஅமைன் குறைவே காரணம் என்று கூறி, 'கருத்தரிப்பு ஆலோசகர்' ஒருவர் மாதம் 4,000 ரூபாய்க்கு ஸ்பெர்மிடின் காப்ஸ்யூல் தருகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் போன்ற பாலிஅமைன்கள் உடலின் செல்களில் உள்ள சிறு வேதிப்பொருள்கள்; செல்கள் பெருகுவதற்கு அவை இன்றியமையாதவை. நாள்தோறும் கோடிக்கணக்கில் விந்தணுக்களை உருவாக்கும் விரைகளுக்கும் அவை தேவை. ஆனால் அவற்றை அங்குள்ள செல்களே தயாரித்துக்கொள்கின்றன. நுண்ணோக்கி ஆய்வாளர் லீவன்ஹூக் 1678-இல் விந்தில் கண்டு எழுதிய படிகங்களுக்குக் காரணமான ஸ்பெர்மின், பெரும்பாலும் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வருவது. ஆகவே விந்துத் திரவத்தில் அதை அளந்து, விரை எப்படி வேலை செய்கிறது என்று சொல்வது, குழாய் நீரைச் சுவைத்துக் கிணற்றின் ஆழத்தைச் சொல்வது போன்றது. ஸ்பெர்மினை உருவாக்கும் மரபணுவை இழந்த ஆண் எலிகள் மலடாக இருப்பதை விற்பனையாளர்கள் சான்றாகக் காட்டுவதுண்டு. உங்களுக்கு அந்த மரபணு இல்லை என்று யார் கண்டார்கள்? காப்ஸ்யூல் டப்பாவில் உள்ள உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் அது மருந்து என்பதற்குச் சான்றாகாது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு கூறும் கீழ்வரம்பு 1 கோடியே 60 லட்சம். உங்கள் எண்ணிக்கை அதற்குக் கீழே இருந்தாலும், ஒரே பரிசோதனையை வைத்து முடிவு கட்டக் கூடாது. முக்கியமாக, அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் உங்களுக்குக் காய்ச்சல் வந்ததா? ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் ஆகும் என்பதால், டெங்குவோ, பாராசிட்டமால் போட்டுக்கொண்டு மறந்துபோன மூன்று நாள் காய்ச்சலோ, வாரங்கள் கழித்துத்தான் அறிக்கையில் தெரியும். காய்ச்சல் வந்திருந்தால், அது தணிந்து மூன்று மாதம் ஆன பிறகு மறுபடியும் பரிசோதியுங்கள். அதுவரை அந்த அறிக்கைக்கு மதிப்பில்லை. இந்த ஒரு கேள்வியை மாதிரி வாங்கும்போதே கேட்கலாம். கடைசி உறவுக்குப் பின் எத்தனை நாள் ஆயின என்பதையே (இரண்டு முதல் ஏழு நாள் இருக்க வேண்டும்) குறிக்காத ஆய்வகங்களிடம் அதை எதிர்பார்ப்பது வீண்தான்.

அடுத்து, சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவர் ஒருவர் உங்களை நிற்க வைத்துக் கையால் பரிசோதிக்க வேண்டும். விதைப்பையில் இரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும் வெரிகோசிலை எந்தக் காப்ஸ்யூலும் சரிசெய்யாது. உங்கள் கடிதத்தில் மனைவியின் பரிசோதனை பற்றி ஒரு வரிகூட இல்லை; அதையும் இப்போதே தொடங்குங்கள்.