வண்ணப் பரப்பு ஓவியமும் குவில்ட்டும்: வாசகர் கேள்வி – பதில்

பெரிய நிறப் பரப்புகளையே ஓவியமாக்கிய மார்க் ரோத்கோவின் படைப்புகளைப் பார்த்து, மேலே ஆரஞ்சு, கீழே கருஞ்சிவப்பு என்று இரண்டே பரப்பு வைத்து ஒரு சுவர் குவில்ட் (துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைத்து, சுவரில் மாட்டும் விரிப்பு) தைத்தேன். தள்ளி நின்று பார்த்தால் ஏதோ ஒரு நாட்டுக் கொடி மாதிரி இருக்கிறது. ஓவியத்தில் தெரியும் ஒளி இதில் ஏன் வரவில்லை?

கொடி என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள், பாதி வேலை முடிந்தது. ரோத்கோ ஒரே பூச்சில் ஆரஞ்சு அடித்தவர் அல்ல. நீர்க்கக் கரைத்த வண்ணத்தை மெல்லிய அடுக்குகளாக ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசினார். அடியில் இருக்கும் நிறம் மேலே கசியும். செவ்வகங்களின் ஓரமும் புகை போலக் கலைந்திருக்கும். நீங்களோ ஒற்றைச் சாயத் துணி இரண்டை நேர்த்தையலில் இணைத்திருக்கிறீர்கள்.

முதலில் துணியை மாற்றுங்கள். பாவு (நீளவாட்டு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) இன்னொரு நிறமாக நெய்த பருத்தி, அதாவது மயில்கழுத்து என்போமே, அந்த வகை இதற்கு நன்றாகப் பொருந்தும். சிவப்புப் பாவில் மஞ்சள் ஊடை ஓடினால் ஆரஞ்சாகவும் தெரியும், அசைந்தால் மாறவும் செய்யும். ஆனால் இந்தத் துணியை 90 டிகிரி திருப்பி வைத்தால் வேறு நிறம் போலத் தோன்றும். அதனால் வெட்டிய ஒவ்வொரு துண்டின் பின்பக்கமும் பாவு போகும் திசைக்குச் சாக்பீஸால் ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

அடுத்தது ஓரம். மேல் பரப்புத் துணியைக் கத்தரியால் வெட்டாமல் கிழித்து, விளிம்பில் நாலைந்து நூலை உருவிவிட்டு, மடிக்காமல் அப்படியே கீழ்த்துணி மேல் வையுங்கள். அரை செ.மீ. இடைவெளியில் மேலிருந்து கீழாக ஆரஞ்சு நூலில் தைத்துக்கொண்டு வந்து, கருஞ்சிவப்புக்குள் ஒன்றிரண்டு செ.மீ. ஏறியபின் நிறுத்துங்கள். எல்லாக் கோடும் ஒரே இடத்தில் நின்றால் அங்கே புதிதாக ஒரு விளிம்பு உண்டாகிவிடும். ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று இருக்கட்டும். கீழேயிருந்து கருஞ்சிவப்பு நூலும் அதேபோல் மேலே ஏறட்டும். இன்னும் ஆழம் வேண்டுமென்றால், பரப்பைவிடச் சற்றுச் சிறிதாக வெட்டிய ஆர்கன்சா என்ற, ஊடே பார்க்கக்கூடிய மெல்லிய துணியை மேலே வைத்துத் தைக்கலாம். பாலியஸ்டர் ஆர்கன்சா சூட்டில் உருகும், எனவே குறைந்த சூட்டில், மேலே ஒரு துணி போட்டுத்தான் இஸ்திரி.

தைக்கும் முன் துணிகளை அடுக்கிக் கைபேசியில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகத் தெரிந்தால், நிறத்தில் பார்க்கும்போது எல்லை துடிக்கும். ஒன்று வெளுப்பு, ஒன்று கறுப்பு என்று பிரிந்தால் மறுபடியும் கொடிதான்.

இதே பாணி ஓவியர் பார்னெட் நியூமனின் ஓவியங்களில் வருவதுபோல் பெரிய பரப்பின் நடுவே கால் அங்குலக் கோடு ஒன்று விட்டேன். பாம்பு மாதிரி நெளிகிறது.

கோட்டின் இருபக்கத் தையலையும் துணி ஓரத்தை அளவாக வைத்துத் தைத்திருப்பீர்கள். வெட்டில் உள்ள பிசகெல்லாம் கோட்டில் தெரியும். கோடாக வரும் பட்டையை முக்கால் அங்குல அகலத்தில், பாவு நூல் போக்கில் வெட்டுங்கள். கிராஸாக, அதாவது மூலைவாட்டில் வெட்டிய துண்டு வேண்டாம், இழுபடும். முதல் பக்கத்தைக் கால் அங்குலம் விட்டுத் தைத்து, மடிப்பைப் பரப்பின் பக்கமாகத் திருப்பி இஸ்திரி போடுங்கள். இரண்டாம் பக்கத்தைத் தைக்கும்போது முதல் தையல் கண்ணில் படும்படி பட்டையின் பின்பக்கம் மேலே இருக்கட்டும். கால் அங்குல ஃபுட்டின் (தையல் இயந்திரத்தில் துணியை அழுத்தும் பாதம்) ஓரம் அந்தத் தையலை ஒட்டியே போகட்டும், துணி ஓரத்தைப் பார்க்காதீர்கள். வெட்டுப் பிசகு மடிப்புக்குள் போய்விடும்.

கணக்கில் ஒன்று: பரப்பை நடுவில் வெட்டியதால் இருபக்கமும் சேர்த்து அரை அங்குலம் தையலுக்குள் போகிறது, பட்டை தருவது கால் அங்குலம்தான். ஆக ஒவ்வொரு கோட்டுக்கும் கால் அங்குலம் குறையும். ஐந்து கோடு என்றால் ஒன்றேகால் அங்குலம் கூடுதலாக வைத்துத் தொடங்க வேண்டும்.

ஓவியர் ஹெலன் ஃபிராங்கென்தாலர் செய்ததுபோல் நிறத்தைத் துணியில் ஊற்றிப் பரவ விடலாமா? அக்ரிலிக் ஊற்றியதில் துணி அட்டையாகிவிட்டது.

1952-இல் அவர் பூச்சு போடாத கான்வாஸில் நீர்க்கக் கரைத்த எண்ணெய் வண்ணத்தை ஊற்றினார். துணி அதைக் குடித்தது, அதுதான் சூட்சுமம். தைக்கப்போகும் துணிக்கு அக்ரிலிக்கைவிட ரியாக்டிவ் சாயம் மேல். அது இழையோடு பிணைவதால் துணி விறைக்காது. கஞ்சி போகத் துவைத்த பருத்தியைச் சோடா ஆஷ் (சாயம் பிடிக்க உதவும் காரம்) கரைசலில் கால் மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து, ஈரத்தோடு விரித்துச் சாயத்தை ஊற்றுங்கள். பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் வைத்து, பிறகு தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். நடுவில் காய்ந்தால் சாயம் பிடிப்பது அங்கேயே நின்றுவிடும், நிறம் வெளிறும். சாயக் கரைசலிலேயே சோடாவைக் கலந்து எடுத்துவைக்காதீர்கள். சாயம் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிவிடும். பொடியை அளக்கும்போது முகக்கவசம், கையுறை கட்டாயம்.

ஒரே நிறத்தில் படிப்படியான சாயல் வேண்டுமா? ஒரு கோப்பைச் சாயத்தில் பாதியை முதல் துண்டுக்கு ஊற்றி, மீதிப் பாதியில் அதே அளவு தண்ணீர் சேருங்கள். ஒவ்வொரு முறையும் இதே மாதிரி. ஆறாவது துண்டுக்கு வரும்போது செறிவு 32-இல் ஒரு பங்குதான் இருக்கும்.

தைத்து முடித்ததும் ஓரமெல்லாம் அலை அலையாக நிற்கிறது.

நடுவில் நெருக்கமாகத் தைத்து ஓரத்தைத் தளர விட்டிருப்பீர்கள். நெருங்கிய தையல் துணியைச் சுருக்கும், தைக்காத இடம் உப்பும். பரப்பு முழுக்கத் தையல் நெருக்கம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மேல்துணி, நடுப் பஞ்சு, அடித்துணி என்ற மூன்று அடுக்கையும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஊக்கு குத்தி, நடுவில் தொடங்கி வெளியே போங்கள். எல்லா வரியையும் ஒரே திசையில் ஓட்டினால் மேல்துணி ஒரு பக்கமாகத் தள்ளப்படும், மாற்றி மாற்றி ஓட்டுங்கள். தையல் நீளம் 3 மி.மீ., வாக்கிங் ஃபுட் (மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் ஃபுட்) இருந்தால் நல்லது. ஏற்கெனவே அலைந்ததை நனைத்துத் தரையில் சதுரம் பார்த்து ஊசி குத்திக் காயவைத்தால் பெரும்பாலும் படிந்துவிடும். சாயம் போகாத துணிதானா என்று முதலில் பாருங்கள்!

சுற்றிலும் பைண்டிங் (ஓரத்தை மூடி இருபக்கமும் தெரியத் தைக்கும் பட்டை) அவசியமா?

வேண்டாம். பைண்டிங் ஒரு சட்டம் போட்டுவிடும், நிறம் அங்கேயே முட்டி நிற்கும். இரண்டரை அங்குலப் பட்டையை முன்பக்கம் வைத்துத் தைத்து, முழுதாகப் பின்னால் திருப்பிக் கைத்தையல் போடுங்கள்.