டாக்டரை எப்போது அழைப்பது என்று வார்டு நர்ஸ் எப்படி முடிவெடுக்கிறார்?

நோயாளியின் நிலை மாறுவதைக் கவனித்து அடுத்த நடவடிக்கையைத் தீர்மானிப்பதுதான் செவிலியரின் மருத்துவ முடிவு. பிரிட்டன் மருத்துவமனைகளில் இதற்கு ‘நியூஸ் 2’ என்ற முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை உண்டு (2012-இல் வந்தது, 2017-இல் திருத்தப்பட்டது). மூச்சு, ரத்த ஆக்சிஜன், ரத்த அழுத்தம், நாடி, சுயநினைவு, உடல் வெப்பநிலை ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தால் கூடுதலாக 2. மொத்தம் 5 வந்தால் அவசரமாக டாக்டரை அழைக்க வேண்டும். 7 வந்தால் தீவிர சிகிச்சை தெரிந்த குழுவையே. ஏதாவது ஒன்றில் மட்டும் 3 வந்தாலும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

இதில் மூச்சுதான் முக்கியம். உடல் ரத்த அழுத்தத்தைக் கடைசிவரை பிடித்து வைத்திருக்கும். மூச்சு அதற்கு வெகு முன்பே வேகமெடுக்கும். நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 25-ஐத் தொட்டால் 3 மதிப்பெண். பால் பொங்குவதற்கு முன் ஓரத்தில் நுரை கட்டுமே, அதுபோல மூச்சு முன்கூட்டியே காட்டிவிடும். ஆனால் பலர் எண்ணாமலே ‘18’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் நழுவுகிறது. நாடி பிடிப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை முழு 1 நிமிடம் எண்ண வேண்டும். எண்ணுவது தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும்.

மதிப்பெண் குறைவென்றால் டாக்டரை அழைக்கக் கூடாது என்று பலர் நினைப்பது தவறு: முகம் வெளிறி வியர்க்கிறது என்றால், மதிப்பெண் 1 ஆக இருந்தாலும் நர்ஸ் அழைக்கலாம்.