ஓநாய் திரும்பி வந்த மலைகளில் மானுடவியலாளருக்கு என்ன வேலை?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஐரோப்பாவில் ஓநாய்கள் திரும்பி வருவது பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். விலங்கை ஆராய உயிரியலாளர் இருக்கிறார்; ஆடு இறந்தால் அரசு இழப்பீடு தருகிறது. இதில் மானுடவியலாளருக்கு என்ன வேலை? ஓநாய்களை யாரோ ரகசியமாகக் கொண்டுவந்து விட்டார்கள் என்று நம்புகிறவர்களிடம் கேட்டு எதை அறிய முடியும்?

மு.

அன்புள்ள மு.,

அந்த வதந்தியிலிருந்தே தொடங்குகிறேன். 1970களின் தொடக்கத்தில் இத்தாலியில் ஏறத்தாழ நூறு ஓநாய்களே எஞ்சியிருந்தன. சட்டப் பாதுகாப்பு கிடைத்தபின் அவை பெருகி, மலைத்தொடர் வழியாக வடக்கே பரவி, 1992இல் பிரான்சின் மெர்காந்தூர் தேசியப் பூங்காவில் தென்பட்டன. அவை இத்தாலிய வழித்தோன்றல்கள் என்று மரபணு ஆய்வு காட்டிய பிறகும், வண்டியில் ஏற்றிவந்து அவிழ்த்துவிட்டார்கள் என்ற பேச்சு அடங்கவில்லை. நார்வேயிலும் இதே பேச்சு உண்டு. இரு நாடுகளிலும் இதைக் கேட்டுப் பதிவுசெய்த கெதில் ஸ்கோகன் முதலிய சமூகவியலாளர்கள், தம் நிலத்தைப் பற்றிய முடிவுகள் தம்மைக் கேட்காமல் எங்கோ எடுக்கப்படுகின்றன என்ற மனக்குறையும், நிபுணர்களின் அதிகாரத்துக்கான எதிர்ப்பும் அதில் இருப்பதைக் கண்டார்கள். அந்தக் குறையை நான் முழுவதும் நியாயமானதாகவே கருதுகிறேன்.

இழப்பீடு பெரும்பாலும் இறந்த ஆட்டுக்கே கிடைக்கிறது. ஓநாய் முற்றிலும் அழியாதிருந்த இத்தாலியின் அப்ருத்சோ மலைகளில், மந்தையோடு வளரும் வெண்ணிறக் காவல் நாய்களும் இரவில் ஆடுகளைப் பட்டியில் அடைக்கும் வழக்கமும் தொடர்ந்து வந்தன. பிரெஞ்சு ஆல்ப்ஸிலோ, ஓநாய் இல்லாத பல பத்தாண்டுகளில் அந்த வழக்கங்கள் பெருமளவு கைவிடப்பட்டு, கோடையில் மந்தைகளை மேய்ச்சல் வெளியில் இரவும் விட்டுவைக்கும் முறை பரவியிருந்தது. இப்போது மேய்ப்பர் மாலைதோறும் ஆடுகளைத் திரட்டி அடைக்க வேண்டியிருக்கிறது. அதனால் மேயும் நேரம் குறைகிறது, பட்டியைச் சுற்றியுள்ள புல் மிதிபட்டு அழிகிறது. காவலுக்கு நாய் வைத்தால், அது மலையேற வருபவர்களைக் குரைத்து மறிக்கிறது என்று புகார் வருகிறது. பல இரவுகள் அவர் அரைத் தூக்கத்தில் காது கொடுத்தபடியே கழிக்கிறார். இந்த உழைப்பும் அச்சமும் இழப்பீட்டுப் படிவத்தில் முழுமையாக இடம்பெறுவதில்லை. மேய்ப்பரோடு ஒரு கோடை முழுவதும் தங்குபவரே அவற்றை அறிய முடியும்.

2024 டிசம்பரில், ஐரோப்பாவின் காட்டுயிர்களைக் காப்பதற்கான பெர்ன் உடன்படிக்கையின் நிலைக்குழு ஓநாயின் பாதுகாப்பை ஒரு படி குறைக்க வாக்களித்தது. சில ஓநாய்களைச் சுடுவது இனி எளிதாகலாம். ஆயினும் எஞ்சியவை அதே மலையில் இருக்கும், மாலையில் ஆடுகளைத் திரட்டும் வேலையும் இருக்கும். அதற்கு உதவ எத்தனை கைகள் தேவை, அந்தக் கூலியை யார் தருவது என்பதை மேய்ப்பரிடம் கேட்டு எழுதுவதே மானுடவியலாளரின் வேலை.