ஐந்து பேரிடம் காட்டினால் போதுமா?

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பயனர் அனுபவ வடிவமைப்பாளராக இருக்கிறேன். முதியவர்கள் மருத்துவரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் செயலி ஒன்றில், எழுத்தைப் பெரிதாக்குவதற்காக மருத்துவர்களின் பெயர்களை இடமும் வலமுமாகப் பிரித்து, தொட வேண்டிய பொத்தான்களை நடுவில் ஒரே வரிசையாக வைத்தேன். அலுவலகத்தில் ஐந்து பேரிடம் காட்டியபோது ஒருவரும் தடுமாறவில்லை. இப்போது சிலர் வேறு மருத்துவரிடம் பதிவு செய்துவிட்டு மருத்துவமனைக்கு வந்து நிற்கிறார்கள். கவனிக்காதது அவர்கள் தவறு என்கிறார் மேலாளர். என் மனம் ஒப்பவில்லை. இதில் என் பங்கு என்ன?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் செய்ததையே, அதே நல்லெண்ணத்தோடு, இன்னொருவர் செய்திருக்கிறார். 2000ஆம் ஆண்டு நவம்பர் 7 அன்று அமெரிக்க அதிபர் தேர்தல் நடந்தபோது, ஃபுளோரிடா மாநிலத்தின் பாம் பீச் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) தேர்தல் பொறுப்பாளராக இருந்த தெரசா லெபோர், அங்கே மிகுதியாக வாழும் முதியவர்கள் எளிதாகப் படிக்கட்டும் என்று வாக்குச்சீட்டில் எழுத்தைப் பெரிதாக்கினார். பத்து வேட்பாளர்களும் ஒரு பக்கத்தில் அடங்காததால் ஆறு பேர் இடப்பக்கத்திலும் நான்கு பேர் வலப்பக்கத்திலும் போக, வாக்களிக்கக் குத்த வேண்டிய துளைகள் இரண்டுக்கும் நடுவில் ஒரே வரிசையாக இறங்கின. இடப்பக்கத்தில் இரண்டாவதாக இருந்த அல் கோருக்கு உரியது மூன்றாம் துளை. இரண்டாம் துளையோ வலப்பக்கத்தின் முதல் பெயரான பேட் புக்கானனுடையது. மேலிருந்து கீழாகப் படித்து வந்த கண், இரண்டாம் பெயருக்கு இரண்டாம் துளை என்று கணக்கிட்டது இயல்பானதே.

புக்கானனுக்கு அங்கே 3,400 வாக்குகளுக்கு மேல் விழுந்தன. அவற்றில் பல கோருக்கு உரியவையாக இருக்கும் என்று புக்கானனே தொலைக்காட்சியில் சொன்னார். ஒன்றுக்கு மேற்பட்ட துளைகளைக் குத்தியதால் செல்லாமற்போன சீட்டுகள் 19,000க்கும் மேல். அத்தனையும் அந்த அமைப்பால் நேர்ந்தவை என்று கொள்ள முடியாது. ஆனால் ஃபுளோரிடா முழுவதிலுமே ஜார்ஜ் புஷ் கோரை வென்றது 537 வாக்கு வித்தியாசத்தில்தான்.

உங்கள் ஐந்து பேருக்கு வருகிறேன். ஐந்து பயனர்களைச் சோதித்தால் போதும் என்று பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் எழுதியதும் அதே 2000ஆம் ஆண்டில்தான். சராசரியாக ஒரு சிக்கல் நூற்றில் 31 பேருக்குத் தட்டுப்படும் என்பது அவருடைய கணக்கின் அடிப்படை. பாம் பீச்சில் பதிவான ஏறத்தாழ 4,60,000 சீட்டுகளில் 19,000 என்பது நூற்றுக்கு நான்கு. அத்தகைய பிழை ஐந்து பேரில் ஒருவருக்குக்கூட நேராமல் போவதற்கான வாய்ப்பு 80 விழுக்காட்டுக்கும் மேல். ஐம்பது பேரைச் சோதித்தாலும் 13 விழுக்காடு அளவில் அது தப்பிவிடும். எனவே ஐந்து என்பது, திருத்திக்கொள்ளக்கூடிய சிறு தடைகளை, திரும்பத் திரும்பச் சோதித்துக் களைவதற்கான எண். பிழைத்தால் ஒரு முதியவரின் ஒரு நாளும், அவரை அழைத்து வந்தவரின் கூலியும் போய்விடும் இடத்தில் அதை நம்பியிருக்கக் கூடாது. அதிலும் உங்கள் ஐவர் திரைகளோடே வாழ்பவர்கள்.

இன்னொன்று எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. தவறான துளையைக் குத்தியதை உணர்ந்தவர் புதுச் சீட்டு கேட்கலாம். உணராதவர் நிறைவோடு வீட்டுக்குப் போய்விடுவார். அவரிடம் "எளிதாக இருந்ததா?" என்று கேட்டால் ஆம் என்றுதான் சொல்வார். ஆகவே கருத்துக் கேட்காதீர்கள். "இந்த மருத்துவரிடம் பதிவு செய்யுங்கள்" என்று ஒரு பெயரைச் சொல்லி, குறுக்கிடாமல் அருகில் உட்கார்ந்திருந்து, கடைசியில் எந்தப் பெயர் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள்.

உங்கள் மேலாளரின் வாதம் சரியென்றால் பிழைகள் பட்டியல் முழுக்கச் சிதறியிருக்க வேண்டும். பதிவுகளை எடுத்துப் பாருங்கள். நடுவரிசையில் அடுத்தடுத்த பொத்தான்களுக்கு உரிய மருத்துவர்களுக்கிடையே மட்டும் குழப்பம் குவிந்திருந்தால், அதற்குக் காரணம் உங்கள் திரை. அதை உங்கள் பங்காக ஏற்றுக்கொள்ளுங்கள். திருத்தும் அதிகாரம் உங்களிடம் இருப்பதற்கும் அதுவே ஆதாரம்.

மாற்றுவதற்கு நம்மிடமே நல்ல முன்மாதிரி இருக்கிறது. நம் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் பெயர், சின்னம், பொத்தான் மூன்றும் ஒரே கோட்டில் இருக்கின்றன. அழுத்தியபின், தேர்ந்தெடுத்த பெயரும் சின்னமும் அச்சிட்ட சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரிகிறது. உங்கள் பட்டியலையும் ஒற்றை வரிசையாக்குங்கள். இன்னும் ஒருமுறை திரையை உருட்ட வேண்டி வந்தாலும் பரவாயில்லை. பதிவை உறுதி செய்யும் முன் மருத்துவரின் பெயரையும் படத்தையும் பெரிதாகக் காட்டி, "இவர்தானா?" என்று கேளுங்கள், "சமர்ப்பிக்கவும்" என்ற சொல் அங்கே எதையும் தெரிவிக்காது.

தவறாகப் பதிவு செய்து வந்து நின்றார்களே, அவர்களில் சிலரை, அவர்கள் இசைந்தால், புதிய திரையின் முன் முதலில் உட்கார வையுங்கள்.

அன்புடன்.