ரெஜிஃபோம் கவசமும் கொழும்பு வெயிலும்

கேள்வி: அக்கா, ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். கொழும்பில் நடக்கிற காமிக் கான் என்ற வேஷம் போடும் ரசிகர் விழாவுக்கு, சினிமாவில் வருகிற விண்வெளிப் படைவீரர் வேஷத்தில் போக ஆசை. ரெஜிஃபோம் என்கிற வெள்ளை நுரைப் பலகையில் மார்புக் கவசம் வெட்டி ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன், ஓட்டை ஓட்டையாகக் கரைந்துவிட்டது. கையில் காசும் அதிகமில்லை. வேறு எதில் செய்யலாம்?
- வாசகி, கொட்டகலை

பதில்: தங்கச்சி, ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் ரெஜிஃபோமைத் தின்றுவிடும். செருப்பு ஒட்டுகிற மஞ்சள் பசையும் அப்படித்தான். ரெஜிஃபோமை விட்டுவிட்டு ஈ.வி.ஏ. ஃபோம் தேடுங்கள். சின்னப் பிள்ளைகள் விளையாட தரையில் கோத்துப் போடுகிற மெத்தைப் பாய் அதுதான், பழையது கிடைத்தாலும் போதும்.

ஆனால் ஃபோமைத் தொடுவதற்கு முன்னால் பழைய டீசேர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் செலோடேப்பை நன்றாகச் சுற்றி, கவசத்தின் கோடுகளை அம்மாவை வரையச் சொல்லி, டீசேர்ட்டோடு கத்தரித்து எடுத்துப் பத்திரிகைத் தாளில் பிரதி எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் எடுத்து மறுபக்கத்துக்கு அதையே திருப்பிப் போட்டால் இரண்டும் ஒரே அளவாக வரும். அந்தத் தாளை உடம்பில் ஒட்டிக்கொண்டு உட்காருங்கள், கையைத் தூக்குங்கள், பஸ் படி ஏறுவது மாதிரி காலை உயர்த்துங்கள். கிழிகிற இடத்தில்தான் ஃபோமும் இடிக்கும்.

வெட்டப் புது பிளேட் வேண்டும், ஃபோம் அதைச் சீக்கிரம் மழுங்கடித்துவிடும். சூடான காற்றை ஊதுகிற ஹீட் கன் இரவல் கிடைத்தால் லேசாகப் பளபளக்கும் வரை சூடாக்கி, பானை மேல் வளைத்து ஆறும் வரை பிடித்திருங்கள். மஞ்சள் பசையை இந்த ஃபோமில் தாராளமாகப் பூசலாம்: இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகு சேர்க்க வேண்டும், சேர்த்தால் நகர்த்த முடியாது. லயத்து வீடாக இருந்தால் அடுப்பு எரிகிற நேரத்தில் அந்தப் பசை டப்பாவைத் திறக்கவே வேண்டாம், அதன் ஆவி தீப்பற்றும். வாசலில் வைத்து ஒட்டுங்கள். பெயின்டுக்கு முன் பைண்டர் கம் என்கிற வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து மூன்று நான்கு பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது.

காசு இல்லை என்று தயங்காதீர்கள். 1977-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் நாயகன் லூக்கின் ஒளிவாள் பிடியே பழைய கேமரா ஃபிளாஷின் கைப்பிடிதான். வீட்டில் பழுதான டோர்ச் இருக்கும், அதைக் கழற்றிப் பாருங்கள். இடுப்புக்கு, கொழுந்து எடுக்கப் போகும்போது கட்டுகிற படங்கு எனக்கு மிகவும் பிடிக்கும். நடக்கத் தடையில்லாமல் அதை எப்படிக் கட்டுவது என்று தோட்டத்து அம்மாக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம் வெயில். கொட்டகலைக் குளிரில் ஸ்வெட்டர் மாதிரி சுகமாக இருக்கிற கவசம், கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் இறங்கினால் உடம்பை வேகவைத்துவிடும். முதுகையும் விலாவையும் திறந்தே விட்டு எலாஸ்டிக்கால் கட்டுங்கள், உள்ளே பருத்தித் துணி போடுங்கள். ரயிலில் துண்டு துண்டாகக் கழற்றிப் பையில் கொண்டுபோய் அங்கே மாட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: கறுப்புத் தலைக்கவசத்துக்கு ஸ்ப்ரே அடித்தேன், காய்ந்ததும் பால் படிந்த மாதிரி வெளுத்துவிட்டது. ஏன்?
- வாசகர், நுவரெலியா

பதில்: மாலையில் மிஸ்ட் இறங்கிய பிறகு அடித்திருப்பீர்கள் தம்பி. காய்கிற பெயின்டில் ஈரம் படிந்தால் அப்படித்தான் வெளுக்கும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, வெயில் அடிக்கிற ஒரு முற்பகலில் லேசான பூச்சாக மறுபடி அடியுங்கள். மழை நாளில் டப்பாவைத் தொடாதீர்கள்.