பழைய அம்பாசடரில் ப்ரீதர் ஹோஸைக் கழற்றி அடைத்துவிடலாமா?

கேள்வி இதுதான்: 1980களில் வந்த பெட்ரோல் அம்பாசடர். மேலே டேப்பட் கவரிலிருந்து (என்ஜினின் மேல் மூடி) ஏர் கிளீனருக்குப் போகும் ப்ரீதர் ஹோஸ், அதாவது என்ஜின் மூச்சுவிடும் குழாய் வழியாக ஆயில் ஏறி ஏர் கிளீனரை நனைக்கிறது. ஹோஸைக் கழற்றி வாயை அடைத்துவிட்டால் தீர்ந்தது என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

செய்யாதீர்கள். எங்கள் வீட்டு வண்டியில் அதைச் செய்து பட்டவன் நான்.

அப்பாவின் அம்பாசடர் ஏழெட்டு மாதம் ஷெட்டிலேயே கிடந்தது. எடுத்து ஓட்ட ஆரம்பித்ததும் உங்களுக்கு வந்த அதே தொல்லை. பக்கத்துப் பட்டறையில் ஹோஸைப் பிடுங்கிவிட்டு, டேப்பட் கவரில் இருந்த குழாய் வாயில் ரப்பர் துண்டைத் திணித்து கிளிப் போட்டுக் கொடுத்தார்கள். ஏர் கிளீனர் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பத்து நாளில் வண்டி நின்ற இடமெல்லாம் ஆயில் புள்ளிக்கோலம். பெல் ஹவுசிங், அதாவது என்ஜினுக்குப் பின்னால் கிளட்சை மூடியிருக்கும் கூட்டின் அடியிலிருந்து சொட்டியது. ஒரு நாள் பானெட்டைத் திறந்தால், ஆயில் பார்க்கும் கம்பி இரண்டு அங்குலம் மேலே எழும்பி நிற்கிறது. "பேக் கம்ப்ரஷன் தம்பி, என்ஜினை இறக்கி போர் பண்ணிரலாம்" என்றார்கள். ரிங் தேய்ந்து வாயு கீழே இறங்குகிறது, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும் என்று அர்த்தம்.

வயதான லேத்துக்காரர் ஒருவர்தான் காப்பாற்றினார். என்ஜின் பக்கவாட்டில் சைடு கவரிலிருந்து கீழே தொங்கும் ப்ரீதர் பைப்பைக் கழற்றித் தரையில் நாலு தட்டு தட்டினார். விரல் நீளத்துக்கு மண் கட்டி ஒன்று உடைந்து விழுந்தது. குளவிக் கூடு! ஷெட்டில் கிடந்த மாதங்களில் குளவி அதில் குடித்தனம் நடத்தியிருக்கிறது.

என்ன நடந்தது என்றால், எந்த என்ஜினிலும் எரியும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே சம்ப்புக்குள் (ஆயில் தேங்கும் அடித்தொட்டி) இறங்கும். புது என்ஜினிலும் இறங்கும், பழையதில் கூடுதலாக இறங்கும். அது வெளியே போயாக வேண்டும். அம்பாசடரின் 1489 சிசி என்ஜின் பிரிட்டிஷ் பிஎம்சியின் பி சீரிஸ். அதில் இதற்கு இரண்டு வழி. ஒன்று கீழே தொங்கும் பைப். வண்டி நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓடினால்தான் அடியில் ஓடும் காற்று அதன் வழியாக வாயுவை இழுக்கும். சிக்னலில் நிற்கும்போது இழுக்க ஆளில்லை. அப்போது வேலை செய்வது இரண்டாவது வழியான உங்கள் ஹோஸ். ஏர் கிளீனருக்குள் இருக்கும் லேசான உறிஞ்சல் அதன் வழியாக வாயுவைக் கார்புரேட்டருக்கு அனுப்பி எரித்துவிடும். நெடுஞ்சாலையில் கீழே பைப் இழுக்கும்போது அதே ஹோஸ் வழியாக வடிகட்டிய காற்று உள்ளே வரும். அதனால்தான் "அடைக்க வேண்டாம், திறந்தே விட்டுவிடலாம்" என்ற யோசனையும் ஆகாது. ரோட்டுத் தூசி நேராக ஆயிலில் போய் விழும்.

கீழ் வழியைக் குளவி அடைத்தது, மேல் வழியை நாங்கள் அடைத்தோம். வாயு எங்கே போகும்? இந்த என்ஜினில் கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பின்முனையில் ரப்பர் ஆயில் சீல் கிடையாது. மரை மாதிரி வெட்டிய ஒரு பள்ளம், சுற்றும்போது ஆயிலைத் திரும்ப உள்ளே தள்ளும், அவ்வளவுதான். உள்ளே அழுத்தம் கூடினால் அந்த மரை தோற்றுவிடும். ஆயில் கிளட்ச் பக்கம் வழியும். பைப்பைச் சுத்தம் செய்து ஹோஸைத் திரும்ப மாட்டியதும் எங்கள் வண்டியில் சொட்டு முக்கால்வாசி நின்றது. மீதி நிற்கவில்லை, அம்பாசடரில் அதை எதிர்பார்க்கவும் கூடாது.

தண்ணீர் விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகும். பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். ரிங்கைத் தாண்டி இறங்கும் கொஞ்சம் சம்ப்பில் தங்கினால், ஆயில் மூடிக்கு அடியில் பால் காப்பி நிறத்தில் பசை படியும். ஊட்டி, குன்னூர் பக்கம் தினம் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிகளில் இது சகஜம். ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று பயந்து ஹெட்டை இறக்கியவர்களும் உண்டு.

பிசிவி வால்வு, அதாவது சம்ப்பில் சேரும் இதே வாயுவை எரிக்கத் திருப்பி அனுப்பும் வால்வு உள்ள வண்டி வைத்திருப்பவர்களுக்கும் பதில் இதேதான். அது ஸ்பிரிங் வைத்த சின்ன வால்வு. ஐடிலில் மேனிஃபோல்டின் (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டருக்குப் போகும் குழாய்) உறிஞ்சல் அதிகம், அப்போது வழியைக் குறுக்கும். ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அகலத் திறக்கும். பேக்ஃபயர் அடித்தால் மூடிக்கொள்ளும், தீ சம்ப்புக்குள் போகாது. 1961 மாடலிலிருந்து கலிபோர்னியாவில் புகைமூட்டத்துக்காக இதைக் கொண்டுவந்தார்கள். அதனால் 'மாசுக் கட்டுப்பாட்டுச் சாமான், கழற்றினால் பிக்கப் கூடும்' என்று ஒரு நம்பிக்கை. இரண்டாம் உலகப்போரின் வில்லிஸ் ஜீப்பிலேயே இப்படி ஒரு வால்வு இருந்தது, அங்கே யாரும் மாசைப் பற்றிக் கவலைப்படவில்லை. கழற்றி ஆட்டிப் பாருங்கள், டக் டக் என்று சத்தம் வரவேண்டும். வராவிட்டால் மாற்றுங்கள், அதே என்ஜினுக்கு உரியதாகப் பார்த்து.

ரேஸ் வண்டிக்காரர்கள் தனியாகக் கேட்ச் கேன் (ப்ரீதரில் வரும் ஆயிலைப் பிடித்து வைக்கும் டப்பா) வைப்பது வேறு கதை. அவர்கள் ஆயிலை மாற்றுகிற வேகத்தில் நாம் மாற்றுவதில்லை.

உங்கள் வண்டியில் முதலில் கீழ் பைப்பையும் சைடு கவரையும் கழற்றிப் பெட்ரோலில் கழுவுங்கள். ஆயில் லெவல் மேல் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், பாதிப் பேர் அங்கேதான் தவறு செய்கிறோம். அதற்குப் பிறகும் ஹோஸில் ஆயில் ஏறினால் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்று அளப்பது. அளவு குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்ப அளந்து, எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. ரிங் என்றால் ஹோஸை என்ன செய்தாலும் பயனில்லை, என்ஜின் வேலை பார்க்கத்தான் வேண்டும்.

ஹோஸ் வெடித்திருந்தால் வீட்டில் கிடக்கும் ரேடியேட்டர் ஹோஸை வெட்டி மாட்டாதீர்கள். ஆயில் பட்டால் இரண்டே மாதத்தில் உப்பித் தளதளவென்று ஆகிவிடும். ஆயில் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.