500 வாட் ஆம்புக்கு 200 வாட் பெட்டி: எது யாரைத் தாங்கும்?

கேள்வி: வணக்கம் அண்ணா. நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். கல்யாண விருந்து, கோயில் திருவிழா என்று பினாங்கு முழுக்க வாசிக்கும் ஓர் இசைக்குழுவில் நான்கு வருடமாக பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். என் ஆம்ப் 4 ஓமில் 500 வாட்டும், 8 ஓமில் 300 வாட்டும் தரும் என்று போட்டிருக்கிறது. நான்கு 10 இன்ச் ஸ்பீக்கர் உள்ள ஒரு பெட்டியைத்தான் மாட்டியிருக்கிறேன். அது 8 ஓம், 600 வாட். மேடையில் சத்தம் போதவில்லை. ஜார்ஜ்டவுனில் ஒருவர் பழைய 15 இன்ச் பெட்டி ஒன்றை 400 வெள்ளிக்குத் தருகிறேன் என்கிறார். அது 8 ஓம், 200 வாட். இரண்டையும் சேர்த்து மாட்டலாமா? கடைக்காரர், "ஆம்ப் எப்போதும் பெட்டியைவிட இரண்டு மடங்கு இருக்க வேண்டும்" என்கிறார். எங்கள் கீபோர்டு அண்ணனோ, "ஆம்ப் சின்னதாக இருந்தால்தான் ஸ்பீக்கர் எரியும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தம்பி, சேர்த்து மாட்டினால் உங்கள் ஆம்ப் தாங்கும். அந்த 15 இன்ச் ஸ்பீக்கர்தான் தாங்காது. ஆகவே அந்த 400 வெள்ளியை இப்போதைக்குப் பையிலேயே வைத்திருங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கடைக்காரரும் கீபோர்டு அண்ணனும் சொன்னதை நானும் முப்பது வருடமாகக் கேட்டு வருகிறேன். எரிந்த ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த இரண்டில் ஒன்றை நம்பியவர்கள்.

வாட்டை ஒதுக்கிவிட்டு முதலில் ஓமைப் பாருங்கள், அதாவது மின்சாரத்துக்குப் பெட்டி தரும் தடையை. ஆம்பின் பின்னால் ஸ்பீக்கருக்கு இரண்டு துளைகள் இருக்கும். அவை உள்ளே இணையாகக் கோக்கப்பட்டவை. பெட்டியைச் சேர்க்கச் சேர்க்க ஓம் குறையும். இரண்டு 8 ஓம் பெட்டி சேர்ந்தால் 4 ஓம். மூன்று சேர்ந்தால் 2.67. ஒரு 8 ஓமும் ஒரு 4 ஓமும் சேர்ந்தாலும் அதே 2.67. இரண்டு 4 ஓம் சேர்ந்தால் 2. ஓம் குறையக் குறைய ஆம்பிலிருந்து அதிகக் கரண்டு இழுபடும். உங்கள் ஆம்பில் போட்டிருக்கும் கடைசி எண் 4 ஓம் என்றால் அதுதான் எல்லை. அதற்குக் கீழே போனால் ஆம்ப் சூடேறித் தானாக அணைந்துவிடும், அல்லது அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். மண்டபத்தில் மணமக்கள் உள்ளே வரும் நேரம் பார்த்துத்தான் அது அணையும். எல்லைக்கு மேலே எவ்வளவு ஓம் இருந்தாலும் டிரான்சிஸ்டர் ஆம்புக்கு ஆபத்தில்லை, வாட் குறையும், அவ்வளவுதான். இந்தக் கணக்கில் நீங்கள் கேட்கும் ஜோடி 4 ஓம், பிழையில்லை.

அப்புறம்தான் வாட். 4 ஓமில் 500 வாட் வருகிறது. இரண்டும் 8 ஓம் பெட்டி என்பதால் ஆளுக்குப் பாதி, 250 வாட். இங்கேதான் பலரும் தவறிவிடுகிறார்கள். நான்கு ஸ்பீக்கர் உள்ள பெட்டிக்குப் போன 250 வாட் நான்காகப் பிரிகிறது. ஒவ்வொரு 10 இன்ச்சுக்கும் 62 வாட் சொச்சம். அந்தப் பெட்டி 600 வாட் என்றால் ஒவ்வொன்றும் 150 வாட் தாங்கக்கூடியது, பாதிகூட ஆகவில்லை. பக்கத்தில் இருக்கும் 15 இன்ச்சோ, அந்த 250 வாட்டையும் தனியாளாக வாங்கிக்கொள்கிறது. அதன் தாங்குசக்தி 200. நான்கு பேர் தூக்குகிற பாரத்தை ஒருவர் தலையில் வைத்த மாதிரி. நான்கு பத்துகளும் உடம்பே அலுக்காமல் பாடிக்கொண்டிருக்கும்போது 15 திணறிக்கொண்டிருக்கும். சத்தம் இன்னும் வேண்டும் என்று நீங்கள் வால்யூமைத் திருகுவீர்கள். கிழிவது அதுதான்.

அந்த 200 வாட் என்ன வாட் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தாங்கும் அளவு, என்று போட்டிருந்தால் நம்பலாம். 'புரோகிராம்' என்றால் பொதுவாக அதில் பாதியும், 'பீக்' என்றால் கால் பங்கும்தான் தொடர்ந்து தாங்கும் அளவு. பழைய பெட்டியில் வெறும் 200 வாட் என்று மட்டும் எழுதியிருந்தால் அதைப் பீக் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவேன். அப்படியானால் அது 50 வாட் பெட்டி.

சரி, கீபோர்டு அண்ணன் சொன்னதற்கு வருவோம். ஆம்ப் சின்னது என்பதற்காக எந்த ஸ்பீக்கரும் எரிந்ததில்லை, தம்பி. 600 வாட் பெட்டிக்கு 50 வாட் ஆம்பை மாட்டி வீட்டில் பயிற்சி செய்தால் அந்தப் பெட்டி நம்மையெல்லாம் தாண்டி வாழும். ஸ்பீக்கரை எரிப்பது சூடு. உள்ளே இருக்கும் 'வாய்ஸ் காயில்' என்பது மெல்லிய கம்பிச் சுருள். நாம் அனுப்பும் மின்சாரத்தில் சில சதவீதம் மட்டுமே சத்தமாக மாறுகிறது, மீதி முழுக்கச் சூடு. சாதாரணமாக பேஸ் வாசிக்கும்போது நரம்பைத் தட்டும் கணத்தில் மட்டும் உச்சம் வந்து உடனே இறங்கிவிடும். 300 வாட் ஆம்பை முறையாக வாசித்தால் சராசரி பல நேரம் முப்பது, நாற்பது வாட்தான். காயில் ஆறுவதற்கு நேரம் கிடைக்கிறது.

அதே ஆம்பை அதன் சக்திக்கு மேல் திருகினால் அலையின் தலை வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிடும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். முழுவதும் வெட்டுப்பட்ட அலையின் சக்தி, அதே உயரமுள்ள ஒழுங்கான அலையின் சக்தியைப்போல் இரு மடங்கு. 300 வாட் ஆம்ப் 600 வாட் வரை தள்ளும், அதுவும் ஓய்வே இல்லாமல். உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் உள்ள பெட்டியில் முதலில் போவது அதுதான், ஏனென்றால் வெட்டுப்பட்ட அலையில் உச்சஸ்தாயி ஒலிகள் பெருகிவிடுகின்றன. ஆக, அண்ணன் பார்த்தது உண்மை. சின்ன ஆம்ப் வைத்திருந்தவரின் ஸ்பீக்கர் எரிந்திருக்கும். காரணம் ஆம்பின் சிறுமை இல்லை, அதை அலறவிட்டது. சுத்தமாக ஒலிக்கும்வரை எந்தச் சின்ன ஆம்பும் பாதுகாப்பானதே. ஒலியில் கரகரப்பு தட்டினால் கையை எடுங்கள்.

கடைக்காரர் சொல்லும் இரண்டு மடங்கு விதி பிஏ ஸ்பீக்கர், அதாவது கூட்டத்தைப் பார்த்து வைக்கும் பெரிய ஸ்பீக்கர், பக்கத்திலிருந்து வந்தது. பாட்டின் உச்சங்கள் வெட்டுப்படாமல் போகட்டும் என்று அங்கே அப்படி வைப்பார்கள். சத்தம் எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டர் வைத்திருப்பார்கள், பக்கத்தில் ஓர் ஒலிப் பொறியாளரும் நிற்பார். நம் பேஸ் பெட்டிக்கு அந்த வசதி இல்லை. நான் பழகிய அளவு இது: ஆம்பின் வாட், பெட்டியின் ஆர்எம்எஸ்ஸில் பாதியிலிருந்து ஒன்றரை மடங்கு வரை எங்கே இருந்தாலும் கவலை வேண்டாம், காது விழித்திருந்தால் போதும். உங்கள் ஆம்பும் நான்கு பத்துப் பெட்டியும் இந்த அளவுக்குள்தான் இருக்கின்றன. விரலுக்குத் தகுந்த வீக்கம்.

பெட்டியில் எழுதாத இன்னொரு எல்லை இருக்கிறது. நான் மிகவும் கவலைப்படுவது அதைப் பற்றித்தான். வாட் எண் சூட்டை மட்டும் சொல்கிறது. ஸ்பீக்கரின் முன்னால் அசையும் கூம்பான கோன் எவ்வளவு தூரம் முன்னும் பின்னும் போகலாம் என்பதை அது சொல்வதில்லை. ஒரே சத்தத்தில் ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, கீழே இறங்கினால் கோன் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். நான்கு நரம்பு பேஸின் கீழ் ஈ சுமார் 41 ஹெர்ட்ஸ். ஐந்து நரம்பின் கீழ் பி 31 ஹெர்ட்ஸ். முன்பக்கம் ஓட்டை வைத்த பெட்டிகளில், அந்த ஓட்டை எந்த ஸ்வரத்துக்கு ட்யூன் செய்யப்பட்டதோ அதற்குக் கீழே போனால் உள்ளிருக்கும் காற்று கோனைப் பிடித்து நிறுத்தாது. கோன் அவிழ்ந்த மாதிரி ஆடும். 400 வாட் என்று போட்ட ஸ்பீக்கர், அந்த ஆழத்தில் அதில் பாதிக்கும் குறைவான சக்தியிலேயே 'டக் டக்' என்று அடிவாங்குவதைப் பட்டறையில் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆம்பில் பேஸ் குமிழை முழுக்கத் திருப்பி வைத்திருப்பவர்கள் அதைப் பாதிக்குக் கொண்டுவந்தாலே ஸ்பீக்கரின் ஆயுள் கூடும். 30, 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் உங்கள் ஆம்பில் இருந்தால் அதைப் போட்டே வையுங்கள். காதுக்கு வித்தியாசமே தெரியாது, கோனுக்குத் தெரியும்.

வாட்டுக்கும் பெட்டிக்கும் நடந்த பழைய கதை ஒன்று உண்டு. ஆம்பெக் நிறுவனம் 1969இல் எஸ்விடி என்ற 300 வாட் வால்வ் ஆம்பைக் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் உள்ளது) கொண்டுவந்தபோது எட்டு 10 இன்ச் ஸ்பீக்கர் உள்ள பெட்டி ஒன்றுக்கு இரண்டாகச் சேர்த்து வைத்தார்கள். அந்தக் காலத்து ஸ்பீக்கர்களில் ஒரு பெட்டி தனியாக 300 வாட்டைத் தாங்காது. பதினாறு ஸ்பீக்கருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். பிறகு வந்த எட்டு ஸ்பீக்கர் பெட்டி ஒன்றே 800 வாட் தாங்குகிறது. வால்வ் ஆம்ப் யாராவது கொடுத்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஓம் கூடினால் ஆபத்தில்லை என்று நான் மேலே சொன்னது அதற்குப் பொருந்தாது. பின்னால் இருக்கும் 4, 8 என்ற சுவிட்சைப் பெட்டிக்குச் சமமாக வைக்க வேண்டும். பெட்டியே மாட்டாமல் அதை ஓட்டவே கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

இப்போது உங்கள் உண்மையான குறைக்கு வருகிறேன்: சத்தம் போதவில்லை. வாட்டை இரட்டித்தால் 3 டெசிபல் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற வேண்டுமானால் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். 300ஐ 500 ஆக்கினால் கிடைப்பது 2 டெசிபலுக்குச் சற்று அதிகம். ஆகவே வாட்டுக்குச் செலவழிப்பதைவிட ஸ்பீக்கரின் பரப்புக்குச் செலவழிப்பது நல்லது. உங்களிடம் இருக்கும் அதே நான்கு பத்துப் பெட்டியில் இன்னொன்று வாங்கி மேலே அடுக்கினால், ஆம்ப் 4 ஓமில் 500 தருவதால் வரும் 2 டெசிபலோடு, இரண்டு பெட்டியும் சேர்ந்து காற்றைத் தள்ளுவதால் கீழ் ஸ்வரங்களில் இன்னொரு 3 டெசிபல் வரை கிடைக்கும். மொத்தம் 5. இது மேடையில் நன்றாகவே தெரியும். மேல் பெட்டி உங்கள் காதுக்கு நேரே இருக்கும் என்பது இன்னொரு லாபம். 15ஐயும் 10ஐயும் கலந்தால் சில ஸ்வரம் கூடும், சில ஸ்வரம் ஒன்றையொன்று தின்றுவிடும். அந்தக் கலவை பிடித்துப் போய் வாசிப்பவர்களும் இருக்கிறார்கள், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 200 வாட் பெட்டியோடு வேண்டாம்.

புதிய பெட்டி வாங்கும்போது வாட்டுக்குப் பக்கத்தில் சென்சிடிவிட்டி என்று ஓர் எண் இருக்கும்; 97, 100 என்று டெசிபலில். 97 பெட்டியில் 600 வாட் செய்வதை 100 பெட்டி 300 வாட்டில் செய்துவிடும்.

ஆனால் தம்பி, எதையும் வாங்குவதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். 500 பேர் உட்காரும் மண்டபத்தையும், தைப்பூசத்தின்போது தண்ணீர்ப் பந்தல் பக்கம் போடும் திறந்தவெளி மேடையையும் உங்கள் பெட்டியை வைத்தா நிரப்பப் பார்க்கிறீர்கள்? அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. வெளியில் சுவரில்லாததால் கீழ் ஸ்வரங்கள் அப்படியே கரைந்துபோகும். ஆம்பின் பின்னால் டிஐ என்ற துளை இருக்கிறதல்லவா, அதிலிருந்து மிக்சருக்கு ஒரு கேபிள் கொடுங்கள். கூட்டத்துக்குக் கேட்க வைப்பது பிஏவின் வேலை. உங்கள் பெட்டி உங்களுக்கும் டிரம்ஸ்காரருக்கும் கேட்டால் போதும். மண்டபத்துக்குள் என்றால் பெட்டியைப் பின்சுவரை ஒட்டித் தரையில் வைத்துப் பாருங்கள். ஒரு வெள்ளி செலவில்லாமல் கீழ் ஒலி திரளும். முதலில் இதை இரண்டு நிகழ்ச்சியில் செய்து பாருங்கள். எனக்குத் தெரிந்து பலருக்குப் பெட்டி வாங்கும் தேவையே இதோடு போய்விட்டது.

அப்படியும் இரண்டாவது பெட்டி தேவைப்பட்டு, பழையதாகவே வாங்கினால் மல்டிமீட்டரை எடுத்துப் போங்கள். 8 ஓம் பெட்டி மீட்டரில் ஐந்தரையிலிருந்து ஏழு வரை காட்டும், 4 ஓம் பெட்டி மூன்றைச் சுற்றி. ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. கோனை இரண்டு கையாலும் சமமாக மெல்ல அழுத்துங்கள்; உரசும் சத்தம் கேட்டால் காயில் வெந்து உருக்குலைந்தது, விட்டுவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய ஆம்பும் கூடவே கிடைக்கிறது என்றால் மின்னழுத்தத்தைப் பாருங்கள். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120. நம் சுவரில் 230. அப்படியே செருகினால் ஒரு நொடியில் புகை.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இரண்டு பெட்டியிலும் ஒன்றரை வோல்ட் பேட்டரியைக் கேபிள் முனையில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். இரண்டிலும் கோன் ஒரே பக்கம் அசைய வேண்டும். ஒன்று முன்னேயும் ஒன்று பின்னேயும் போனால் உள்ளே கம்பி மாறியிருக்கிறது. அப்படியே வாசித்தால் இரண்டு பெட்டி வைத்தும் பேஸ் மெலிந்து கேட்கும். கம்பியை மாற்றிக் கோத்தால் சரியாகிவிடும். கிட்டாரிலிருந்து ஆம்புக்கு வரும் கேபிளை ஸ்பீக்கருக்குப் போடாதீர்கள், அதன் கம்பி மெல்லியது, சூடாகும். தடித்த ஸ்பீக்கர் கேபிள்தான் வேண்டும். ஸ்பீக்கான் முனை என்றால் செருகி, 'க்ளிக்' என்று பூட்டும்வரை திருப்ப வேண்டும். ஜாக் முனை என்றால் செருகும்போதும் எடுக்கும்போதும் ஷார்ட் ஆகலாம், அதனால் ஆம்பை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.